ஆலாக்களையும் காப்போம்

ஆசிரியருக்கு வணக்கம். தனுஷ்கோடியில் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட பூநாரை சரணாலயம் பற்றிய செய்தியைப் படித்தேன். நல்ல முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால் பூநாரைகள் இங்கே இரை தேட வருபவை. பழுப்புத்தலைக் கடற்காகமும் அப்படித்தான். அது லடாக், திபெத் ஏரிகளுக்குத் திரும்பிப் போய்த்தான் குஞ்சு பொரிக்கும். அதன் உறவுப் பறவையான ஆலாவோ கோடையில் நம் மணல் தீடைகளிலேயே, அதாவது மணல் திட்டுகளிலேயே, முட்டையிடுகிறது. கூடு என்று எதுவும் கிடையாது, வெறும் மணலில் ஒரு சிறு குழி. முட்டையும் மணல் நிறம், மேலே கரும்புள்ளிகள்; காலடியில் கிடந்தாலும் தெரியாது.

கடந்த சித்திரையில் கரையோரம் அப்படியொரு முட்டைக்கு ஒரு சாண் தள்ளி வண்டியின் டயர் தடம் பதிந்திருந்தது. பார்த்துப் பதறிப்போனேன். கோடை மாதங்களிலாவது அந்த இடங்களைக் கயிறு கட்டி மறித்து, வண்டிகளையும் நாய்களையும் வனத்துறை தடுக்க வேண்டும். காவலுக்கு உள்ளூர் மீனவர்களையே நியமிக்கலாம்.

– வாசகர், ராமேசுவரம்