சிதம்பரத்தில் இரவு வண்டி நிற்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழுப்புரத்திலிருந்து சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் மெயின் லைன் ரயில் பாதையில் புதிதாக ஓர் இரவு வண்டி வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலே, அது சிதம்பரத்தில் நிற்குமா என்ற கேள்வியும் கூடவே கிளம்பிவிடுகிறது. கேட்பவர்கள் உடனே நடராசர் கோயிலையும் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் முன்னால் நிறுத்துகிறார்கள். மறுப்பவர்களோ, "கோயில் இல்லாத ஊர் எது? எல்லா ஊரிலும் நின்றால் எக்ஸ்பிரஸ் எதற்கு, பாசஞ்சரே போதுமே" என்கிறார்கள். மகளை அங்கே விடுதியில் சேர்த்திருக்கும் திருநெல்வேலிக்காரன் நான். எனக்கு நிறுத்தம் வேண்டும்தான். ஆனால் நம்மவர்கள் கேட்கிற விதம் சரியில்லை.

பெருமைக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மாணவர் இராசேந்திரனுக்குப் பல்கலைக்கழக வாசலில் சிலை இருக்கிறது. தமிழிசைக்கு அந்த வளாகம் செய்ததை இசை தெரிந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இதெல்லாம் ஒருவர் அந்த ஊருக்கு வருவதற்குக் காரணம். இரவு இரண்டரை மணிக்கு வந்து இறங்குவதற்குக் காரணம் ஆகாது.

முதலில் பார்க்க வேண்டியது மணி. சென்னையிலிருந்து சிதம்பரம் சுமார் 240 கி.மீ. இரவு பத்து, பதினொன்றுக்கு எழும்பூரில் ஏறினால் தூக்கம் பிடிக்கும் நேரத்தில் இறங்க வேண்டும். பள்ளியறைக்குப் போன நடராசரும் விடிந்தால்தான் திரும்புவார். அதுவரை பிளாட்பாரத்தில் கொசுவோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சென்னைக்காரர்களுக்குப் பகல் வண்டியும் கிளாம்பாக்கத்துப் பஸ்ஸும் போதும். அவர்களுக்காக நடுச்சாமத்தில் ஒரு வண்டியை நிறுத்துவதை நானே ஆதரிக்க மாட்டேன்.

தெற்கேயிருந்து வருகிறவர்கள் கதை வேறு. நெல்லையிலும் மதுரையிலும் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏறினால், விடியும்போது சிதம்பரம் வரவேண்டிய தூரம் அது. ஆனால் பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர் எக்ஸ்பிரஸ்கள் எல்லாமே கார்டு லைன் என்கிற குறுக்குப் பாதையில், விருத்தாசலம் வழியாகப் போய்விடுகின்றன. மெயின் லைனில் எங்களுக்கு வாய்த்தது செந்தூர் எக்ஸ்பிரஸ். விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை அதில் பெர்த் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பிள்ளைகள் விருத்தாசலத்தில் இருட்டோடு இருட்டாக இறங்கி, ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு போய், சேத்தியாத்தோப்பு வழியாகப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு கையில் துணிமணிப் பை, இன்னொரு கையில் இட்லிப்பொடி டப்பா. என் மகள் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்கிற வரைக்கும் வீட்டில் யாரும் காபி குடிப்பதில்லை.

கடலூர் மாவட்டத் தலைநகர், மயிலாடுதுறை சந்திப்பு, இரண்டுக்கும் நடுவில் இன்னொரு நிறுத்தமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். இரண்டு பக்கமும் சுமார் 40 கி.மீ. தான். ஆனால் சிதம்பரத்தில் தண்டவாளத்துக்கு மேற்கே ஊர், கிழக்கே பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலைநகர். காலை ஐந்தரைக்கு இறங்கும் மாணவி ஆறு மணிக்கு விடுதியில் இருப்பாள். மயிலாடுதுறையில் இறக்கிவிட்டால் அவளுக்கு இன்னொரு பயணம் பாக்கி இருக்கிறது. நேரம் வீணாகும் என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒற்றைத் தடம். எதிரே வரும் வண்டிக்காக எங்கேயாவது நிற்கத்தான் போகிறது. அந்தக் கிராஸிங்கைச் சிதம்பரத்தில் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம், கணக்கு. புதிய நிறுத்தத்தைப் பெரும்பாலும் ஆறு மாதம் சோதனையாகக் கொடுப்பார்கள். டிக்கெட் விற்பனையைப் பார்த்து நீட்டிப்பார்கள் அல்லது எடுத்துவிடுவார்கள். விற்பனையைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் நடுவழி ஊர்களுக்கு ஒதுக்கும் பெர்த் கொஞ்சமாக இருக்கும்போது விற்பனை எங்கிருந்து வரும்? வெயிட்டிங் லிஸ்ட் நகராது என்று தெரிந்தவர்கள் சிதம்பரத்தைத் தாண்டி விழுப்புரம் வரைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டுச் சிதம்பரத்தில் இறங்கிக்கொள்கிறார்கள். கூடுதல் காசும் போகிறது, அந்தப் பயணியும் விழுப்புரத்துக் கணக்கில் ஏறிவிடுகிறார். போதாக்குறைக்கு, அகலப்பாதை வேலைக்காக 2006 கடைசியில் மூடிய தடம் 2010-ல்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பஸ்ஸுக்குப் பழகிவிட்ட ஊரை ஆறே மாதத்தில் திரும்ப ரயிலுக்கு இழுத்துவிட முடியாது.

ஆகவே எம்.பி.யிடமும் ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் மனுக் கொடுக்கிறவர்கள் ஊர்ப்பெருமையை இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டு, தெற்கு வண்டி எத்தனை மணிக்கு வரவேண்டும், சிதம்பரத்துக்கு எத்தனை பெர்த் ஒதுக்க வேண்டும் என்று எழுதட்டும். சோதனையை ஜூனில் தொடங்கி ஓராண்டு நடத்தச் சொல்லட்டும். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை, விடுதி திறப்பு, தேர்வு விடுமுறை எல்லாம் அதற்குள் வந்துவிடும். அதற்குப் பிறகும் பெர்த் காலியாகப் போனால், சரி, எடுத்துவிடட்டும்.

இப்படிக்கு,
விடுதி மாணவி ஒருவரின் தந்தை,
திருநெல்வேலி.