மாலை நான்கரைக்குத் திடலைத் திறந்து விடுங்கள்: நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரியும்: எங்கள் பிள்ளைகள் ஆடிவந்த திடலை ஒப்பந்ததாரர் ஒருவரிடம் விட்டுவிட்டீர்கள்; இப்போது அங்கே செயற்கைப் புல்லில் ஆட, செயலியில் மணிக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். டெண்டர் விட்டதும் நீங்கள்தான், கையெழுத்துப் போட்டதும் நீங்கள்தான். ஆகவே கதையை ஆதியிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேர் இது தங்கள் ஊர் என்றே நினைத்துக்கொள்வார்கள், நினைக்கட்டும்.

போன சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் கால்பந்துக் குழுவின் சின்னப் பையன்கள் சிலர் சுவரேறிக் குதித்துத் திடலுக்குள் விளையாடியிருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு யாரும் பணம் கட்டியிருக்கவில்லை. திடல் சும்மாதான் கிடந்தது. காவலாளி பந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒப்பந்ததாரருக்குப் போன் போட, அவர் போலீசுக்குப் போன் போட, பிள்ளைகளை ஸ்டேஷன் பெஞ்சில் இருட்டும்வரை உட்கார வைத்துவிட்டார்கள். அத்துமீறி நுழைந்தார்கள் என்பது புகார். அதில் ஒருவன் ஏழாம் வகுப்பு. அவனுடைய அப்பாவும் சித்தப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் முள் வெட்டி, கல் பொறுக்கி, மேடு பள்ளத்தை நிரவித்தான் அது திடலாயிற்று. அதற்கு முன்பு நகராட்சி அங்கே குப்பை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பன் சமப்படுத்திய மண்ணில் மகன் கால் வைத்தால் அத்துமீறல்! சட்டப்படி சரியாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. அந்தப் பந்தையாவது திருப்பித் தரச் சொல்லுங்கள். குழுவின் காசில் வாங்கியது.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி நாள்களில் மாலை நான்கரை முதல் ஆறரை வரை அந்தத் திடல் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் திறந்திருக்க வேண்டும். மிச்ச நேரத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் குறிப்பாக அந்த இரண்டு மணி நேரம்? ஆண் பிள்ளைகள் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறார்கள். ஆற்றங்கரையிலோ கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்திலோ காலி மனையிலோ இரண்டு செருப்பை வைத்து கோல் போட்டுக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுடைய மாலை என்பது பள்ளி விட்டு வந்ததிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரைதான். உங்கள் ஒப்பந்ததாரரின் செயலியில் அந்த நேரத்துக்கு ‘பீக் அவர்’ என்று பெயர். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்துக்கும் மேல். மலிவாகக் கிடைப்பது மதியம் இரண்டு மணி. அப்போது செயற்கைப் புல் தோசைக்கல்லாகக் கிடக்கும். அது வேண்டாமென்றால் இரவு ஒன்பதரை. எந்த அம்மா அனுப்புவார்?

எங்கள் பெண்கள் அணியை யாரும் கலைக்கவில்லை. அது தானாகக் கரைந்தது. முதலில் பத்தாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களோடு சேர்ந்து நடந்து வந்துகொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பெண்ணைத் தனியாக அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. அப்புறம் கோல்கீப்பர் நின்றாள். மிச்சமிருந்தவர்கள் பள்ளிக்குப் பின்னாலுள்ள சந்தில் இரண்டு செங்கல்லை வைத்துக் கொஞ்ச நாள் பாஸ் போட்டுப் பழகினார்கள். பைக் நிறுத்துகிறவர்கள் சத்தம் போட்டதும் அதுவும் போயிற்று. இப்போது ஷின் கார்டு, ஜெர்சி எல்லாம் ஓர் அரிசிச் சாக்கில் கட்டி கோச் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஒரு பெண்ணின் அம்மா ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்துக் கொண்டுவந்து, “வேற யாருக்காச்சும் குடுங்க சார், சும்மா கெடக்குது” என்று கொடுத்துவிட்டுப் போனார். கோபமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

இந்த வயதில் நின்றுபோனால் அப்புறம் திரும்பி வருவதில்லை. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீகையே வென்றது. அந்தப் பெண்களும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு திடலில் பள்ளி விட்டு வந்து பந்தை உதைத்தவர்கள்தானே. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று மேடைதோறும் சொல்கிறீர்கள். நல்ல விஷயம். அந்த ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் போட்டி வேண்டும், போட்டிக்கு அணி வேண்டும், அணிக்குச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் வேண்டும். நாங்கள் கேட்பது இந்தக் கடைசிச் சங்கதியை மட்டும்தான்.

உங்கள் பொறியாளர் ஒருவர், “அது என்ன பதிவு பெற்ற சங்கமா? நாலு பசங்க சேர்ந்து ஆடுறது தானே?” என்று கேட்டதாகச் சொன்னார்கள். சரி, எங்களுக்குக் கட்டடம் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதையும் ஒப்பந்ததாரர் தூக்கி வெளியே வைத்துவிட்டார். அந்த நாலு பசங்க என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். பள்ளிக்கு மட்டம் போட்டவனுக்கு அந்த வார மேட்சில் இடமில்லை என்பது குழுவின் விதி. வீட்டுக்கும் வாத்தியாருக்கும் அடங்காத பையன்கள் இந்த ஒரு விதிக்கு அடங்கினார்கள். அரசு மருத்துவமனையில் இரவு ரத்தம் தேவைப்பட்டால் கோச்சுக்குத்தான் போன் வரும். இரண்டு தெருவுக்குள் சண்டை என்றால் போலீஸ்காரர்களே முதலில் திடலுக்கு வந்து, “யாரு உங்க பசங்க, கூப்பிட்டுப் பேசுங்க” என்பார்கள். இன்றைக்கு அதே பசங்களைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் ஒரே தண்ணீர் பாட்டிலில் மாறி மாறி வாய் வைத்துக் குடிப்பதை இந்த ஊரில் நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தத் திடலின் கோட்டோரத்தில்தான். கோவிலிலும் நடக்கவில்லை, டீக்கடையிலும் நடக்கவில்லை. யாரும் கூட்டம் போட்டுச் சொல்லித்தரவும் இல்லை. தாகம் எடுத்தது, குடித்தார்கள். செயலியில் ஸ்லாட் எடுக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த பத்துப் பேரோடு வந்து, ஆடிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பாவம், வேலை முடிந்து வருகிறவர்கள். ஆனால் அங்கே ஒருவர் இன்னொரு தெருக்காரரைச் சந்திக்க வழியே இல்லை.

சென்னை மாநகராட்சி அக்டோபர் 2024-ல் இதே மாதிரி ஒன்றைச் செய்யப் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒரு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். இந்திய அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் வந்த வியாசர்பாடி இருக்கிற ஊர் அது. வடசென்னையில் கால்பந்து என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் கொதித்துப் போனார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளிலேயே மேயர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். தீர்மானம் போட்ட செய்தி மட்டும் நம் நகராட்சியின் கண்ணில் பட்டிருக்கிறது போலும். வாபஸ் வாங்கிய செய்தி வந்த அன்றைக்கு யாரும் பேப்பர் வாங்கவில்லை.

கன்னியாகுமரிக் கடலோரத்தைப் பாருங்கள். தூத்தூர் வட்டாரத்து மீனவக் கிராமங்களில் ஊருக்கு ஊர் கால்பந்துக் குழு உண்டு. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்; அங்கிருந்து இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரைக்கும் போனார். அவர் சிறுவனாக இருந்தபோது பந்தைத் தொடும் முன் ஓ.டி.பி. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அரசும் ஒருபக்கம் கொடுக்கத்தான் செய்கிறது. கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று 33 வகைப் பொருள்களைக் கிராம ஊராட்சிகளுக்கு அனுப்பினார்கள். முதலமைச்சர் கோப்பைக்கு ஊரெல்லாம் பிளெக்ஸ். உலகக் கோப்பை வந்துவிட்டால் கவுன்சிலர்களே அர்ஜென்டினா, பிரேசில் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பட்டாசு வெடிக்கிறார்கள். மறுநாள் டீக்கடையில் அதே வாய், “140 கோடி ஜனத்தொகையில பந்தாட 11 பேர் கிடைக்கலையா?” என்று கேட்கிறது. கிடைத்தார்கள் ஐயா. போன சனிக்கிழமை ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள். திறப்பு விழாவன்று நீங்கள் எல்லோரும் வரிசையாக நின்று பெனால்டி அடித்தீர்களே, அந்தப் படம் இன்னும் நகராட்சி நுழைவாயிலில் தொங்குகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் அடித்தது கோல் போஸ்டைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தது. கைதட்டினோம். அன்றைக்கு வாய்க்காலில் இறங்கிப் பந்தை எடுத்துக் கொடுத்ததும் எங்கள் பையன்தான்.

மன்னிக்கவும். மனு எழுத உட்கார்ந்தவன் எங்கேயோ போய்விட்டேன்.

பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்ற உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. செயற்கைப் புல்லுக்குச் செலவு உண்டு, இரவு விளக்குக்கு மின்கட்டணம் உண்டு. நாங்கள் கேட்கும் நேரத்தில் விளக்கே தேவைப்படாது. ஆணி வைத்த பூட்ஸோடு யாரும் இறங்காமல் பார்த்துக்கொள்வதும், குப்பை கூட்டுவதும், ஆறரைக்குப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் ஒப்படைப்பதும் எங்கள் பொறுப்பு. ஏதாவது கிழிந்தால் குழுவைக் கேளுங்கள். இதற்கு முன் பல வருடம் ஒரு சம்பளமும் வாங்காமல் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தவர்கள்தான் இவர்கள். புதிதாக நம்ப வேண்டியவர்கள் இல்லை. எங்களுக்கென்று தனிச் சலுகையும் வேண்டாம். பக்கத்துத் தெருவில் நாளைக்கு இன்னொரு குழு கிளம்பினால் அவர்களும் வரட்டும், நாள் பிரித்துக்கொள்கிறோம்.

ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். அதற்குள் நீங்களே ஒரு நல்ல முடிவு எடுத்துவிட்டால் அந்த நகலுக்கு வேலையே இருக்காது. பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்: பள்ளி நாள்களில் மாலை நான்கரை முதல் ஆறரை வரை திடல் பொதுப் பயன்பாட்டுக்கு, கட்டணமின்றி. இதை வாய்மொழியாகச் சொல்ல வேண்டாம். எழுத்தில் போட்டு, கேட்டில் ஒட்டிவிடுங்கள். வாய்மொழி உத்தரவு ஆள் மாறினால் மாறிவிடும், நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

வரும் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு கோச்சும், பெற்றோர் சிலரும், நானும் வருகிறோம். பெண்கள் அணியில் வர விரும்பும் பிள்ளைகளையும் அழைத்து வருகிறோம். அவர்கள் பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்பதால் காலையிலேயே சந்திக்க ஐந்து நிமிடம் ஒதுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழுவின் பழைய கோல்கீப்பர், சொத்து வரி பாக்கியில்லாத ஒரு நகராட்சிவாசி