டென்னிஸ் முடிவுகளை வெட்டாமல் போடுங்கள்: விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டுப் பக்கங்களைத் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆடவர் ஒற்றையர் டென்னிஸ் முடிவுகளை நீங்கள் வெளியிடும் விதம் பற்றியதுதான் இந்த மடல். 'இன்னார் கால் இறுதிக்கு முன்னேற்றம்', 'இன்னார் அதிர்ச்சித் தோல்வி' என்று இரண்டு வரி. பக்கத்திலேயே பழகிப்போன நட்சத்திரத்தின் படம். ஸ்கோர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கிரிக்கெட் என்றால் யார் எத்தனை பந்தில் எத்தனை ரன், விக்கெட் யாருக்கு என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். டென்னிஸுக்கு அவ்வளவு இடம் கேட்கவில்லை. ஒரே ஒரு வரி போதும். ஆனால் அந்த வரி முழுசாக வர வேண்டும்.

2025 விம்பிள்டன் நான்காவது சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'சின்னர் கால் இறுதியில்' என்ற தலைப்பில் பொய் ஏதும் இல்லை. ஆனால் ஸ்கோரைப் பாருங்கள்: 3-6, 5-7, 2-2, டிமித்ரோவ் விலகல். ஜெயித்தவர் ஒரு செட்டைக்கூட எடுக்கவில்லை. அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த சின்னரை இரண்டு செட் பின்தள்ளி வைத்திருந்த கிரிகோர் டிமித்ரோவ், மூன்றாவது செட்டில் மார்புத் தசைக் காயத்தால் மேற்கொண்டு ஆட முடியாமல் வெளியேறினார். ஒரு வாரத்துக்குள் அதே சின்னர் இறுதி ஆட்டத்தில் அல்கராஸை 4-6, 6-4, 6-4, 6-4 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கினார். 'முன்னேற்றம்' என்று மட்டும் படித்த வாசகருக்கு அந்தக் கோப்பை எவ்வளவு நூலிழையில் தப்பி வந்தது என்று எப்படித் தெரியும்?

அடுத்த மாதமே சின்சினாட்டி போட்டியின் இறுதியில் இது தலைகீழானது. சின்னர் உடல்நலம் சரியில்லாமல் 0-5 என்ற நிலையில் விலக, பட்டம் அல்கராஸுக்கு. 'எளிதில் வென்றார்' என்று இதை எழுதுவது இரண்டு பேருக்குமே அநியாயம். ஆட்டத்தின் நடுவில் விலகுவது வேறு, களமிறங்காமலே விலகுவது, அதாவது வாக்ஓவர், வேறு. முன்னது தோல்விக் கணக்கில் சேரும். வாக்ஓவர் வெற்றி, தோல்வி இரண்டிலும் சேராது. 2020 அமெரிக்க ஓபனில் ஜோகோவிச் அடித்த பந்து லைன் நடுவர் மேல் பட்டு அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டாரே, அது மூன்றாவது வகை. மூன்றையும் 'வெளியேறினார்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பாதீர்கள்.

டைபிரேக்குக்கு (செட் 6-6 ஆனால், இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் ஏழு புள்ளி எடுப்பவருக்கு செட் போகும் முறை) அடைப்புக்குறியில் வரும் சின்ன எண்ணுக்கு வருகிறேன். இடம் போதாவிட்டால் நீங்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். என் பெரிய மனக்குறையும் அதுதான். 2008 விம்பிள்டன் இறுதியில் நடால் ஃபெடரரை வென்ற ஸ்கோர் 6-4, 6-4, 6-7 (5), 6-7 (8), 9-7. நான்காவது செட்டின் அந்த 8 தோற்றவர் எடுத்த புள்ளிகள். அதாவது டைபிரேக் 10-8 என்று ஃபெடரர் பக்கம் போனது. நடால் 5-2 என்று முன்னிலையில் இருந்தார். இன்னும் இரண்டு புள்ளி, கோப்பை கையில். அங்கே ஒரு டபுள் ஃபால்ட், இரண்டு சர்வும் தவறி ஒரு புள்ளி போனது. பிறகு இரண்டு முறை சாம்பியன்ஷிப் பாயிண்ட் (எடுத்தால் கோப்பை கிடைக்கும் புள்ளி) வரை வந்தார். இரண்டையும் ஃபெடரர் காப்பாற்றினார், இரண்டாவதைக் கோட்டை ஒட்டிப் பறந்த ஒரு பேக்ஹேண்டால். அந்த எண்ணை எடுத்துவிட்டு வெறும் 6-7 என்று போட்டால் இதில் எதுவுமே நடக்காத மாதிரி ஆகிவிடும்.

ஐந்தாவது செட்டில் இன்னொரு சிக்கல். முன்பு விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு டைபிரேக்கே கிடையாது. 2010-ல் இஸ்னரும் மஹூவும் மூன்று நாட்கள், 11 மணி 5 நிமிடம் ஆடி 70-68 வரை போனது அதனால்தான். 2022 முதல் ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்கள் எல்லாவற்றிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் அல்கராஸ் சின்னரை 4-6, 6-7 (4), 6-4, 7-6 (3), 7-6 (10-2) என்று வென்றார். கடைசி அடைப்புக்குள் வெறும் 2 போட்டால் வாசகர் 7-2 என்று நினைத்துக்கொள்வார். அங்கே மட்டும் இரண்டு எண்ணையும் போட்டுவிடுங்கள்.

அந்த இறுதி ஆட்டத்தில் சின்னருக்கு நான்காவது செட்டில் அடுத்தடுத்து மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட் கிடைத்தன. 5 மணி 29 நிமிட ஆட்டம் முடிந்தபோது மொத்தப் புள்ளிகளில் சின்னர் 193, அல்கராஸ் 192. தோற்றவர் ஒரு புள்ளி அதிகம்! 2019 விம்பிள்டன் இறுதியிலும் இதே கதைதான். ஃபெடரர் 218, ஜோகோவிச் 204, கோப்பை ஜோகோவிச்சுக்கு. பெரிய இறுதி ஆட்டங்களுக்காவது மொத்தப் புள்ளிகளை ஸ்கோருக்குக் கீழே ஒரு வரியாகச் சேர்க்கலாம். 'நூலிழையில் தோற்றார்' என்று நாலு வரி எழுதுவதைவிட அது மேல்.

வீரரின் பெயருக்குப் பக்கத்தில் தரவரிசையும், எந்த வழியில் உள்ளே வந்தார் என்பதும் வேண்டும். கிராண்ட்ஸ்லாமில் 128 பேர். அதில் 16 பேர் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து வந்தவர்கள். போட்டி அமைப்பாளர்கள் நேரடியாகத் தரும் வைல்டு கார்டில் வருபவர்கள் உண்டு. தகுதிச் சுற்றின் கடைசிப் படியில் தோற்று, யாரோ விலகியதால் இடம் பிடிக்கும் லக்கி லூசர்களும் உண்டு. 2001 விம்பிள்டனை வென்ற இவானிசெவிச் 125-வது இடத்தில் இருந்து வைல்டு கார்டில் வந்தவர். 2025 ஷாங்காய் மாஸ்டர்ஸில் மொனாக்கோவின் வஷ்ரோ 204-வது இடத்தில் இருந்தார். தகுதிச் சுற்றுக்கே காத்திருப்போர் பட்டியலில் இருந்துதான் வந்தார். அரையிறுதியில் ஜோகோவிச்சை 6-3, 6-4 என்று வீழ்த்தினார், இறுதியில் ஆர்தர் ரிண்டர்க்னெக்கை 4-6, 6-3, 6-3. ரிண்டர்க்னெக் வேறு யாருமல்ல, அவருடைய உறவுக்காரர். இருவரின் தாய்மாரும் சகோதரிகள். முதல் சுற்றிலிருந்தே பெயருக்குப் பக்கத்தில் 'தகுதிச் சுற்று, 204' என்று போட்டு வந்திருந்தால், இரண்டாம் மூன்றாம் சுற்றிலேயே வாசகர் அவரைக் கவனிக்க ஆரம்பித்திருப்பார். ஜோகோவிச் தோற்ற பிறகு 'யார் இந்த வஷ்ரோ?' என்று அவசரமாகப் பெட்டிச் செய்தி எழுத வேண்டியதில்லை.

இடமில்லை என்பீர்கள். முதல் சுற்றின் 64 ஆட்டங்களையும் யாரும் கேட்கவில்லை. போடுகிற நாலைந்து முடிவுகளை முழுசாகப் போட்டாலே போதும். படத்தை ஒரு அங்குலம் குறைத்தால் இடம் கிடைத்துவிடும். இரவு வெகுநேரம் போகும் ஆட்டங்கள் அச்சுக்குள் வராது என்பது புரிகிறது. அப்படியானால் மறுநாள் போடுங்கள். இப்போது மறுநாளும் வருவதில்லை, நேரே அடுத்த சுற்றுக்குத் தாவிவிடுகிறீர்கள். இணையப் பதிப்பிலாவது இடப் பிரச்சினை இல்லையே.

ஒவ்வொரு கிராண்ட்ஸ்லாமுக்கும் முந்தைய வாரம் தகுதிச் சுற்று நடக்கிறது. அதில் தேறிய 16 பேரின் பெயரையும் தரவரிசையையும் ஒரு சின்னக் கட்டத்தில் போட்டு, அடுத்த போட்டியிலிருந்தே ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கோர் வரியை முதலில் தேடும் ஒரு வாசகர்