மஞ்சள் வண்டியை விற்றுவிட்டேன், அண்ணா

அண்ணா,

உன் ஃபோர்ட் மஸ்டாங் காரை விற்றுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை கிளம்பிப் போய்விட்டது. வாங்கியவர் கோயம்புத்தூர்க்காரர், பல் டாக்டர். பணம் வந்துவிட்டது, ஒரு சின்னத் தொகை மட்டும் நிற்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாட்ஸாப்பில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீலக் குறி விழும், நாலு நாள் கழித்து "பேசலாம்மா" என்று வரும். இந்த வலைப்பூவை மட்டும் நீ விடாமல் படிப்பதாக அண்ணி சொல்லியிருக்கிறார். அதனால் இங்கே எழுதுகிறேன். பெரியப்பா வீட்டிலும் படிப்பார்கள், என் ஆபீசிலும் இரண்டு பேர் படிப்பார்கள். சில இடங்களில் பட்டும் படாமலும் எழுதினால் அதுதான் காரணம்.

உன்னைக் கேட்காமல் விற்றதற்கு மன்னித்துக்கொள். ஆனால் கேட்டிருந்தால் நீ சரி என்றும் சொல்லியிருக்க மாட்டாய், வேண்டாம் என்றும் சொல்லியிருக்க மாட்டாய். சட்டப்படி பார்த்தால் ஆர்.சி.யில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றில், என் பெயர்தான் இருக்கிறது. அமெரிக்காவுக்குக் கிளம்புகிற அவசரத்தில் "பேப்பர் வேலைக்கு வசதி" என்று நீதான் மாற்றிக் கொடுத்தாய். அந்த வசதிக்கு என்ன விலை என்று இப்போதுதான் தெரிந்தது. போன் செய்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது "செகண்ட் ஓனரா?" என்றுதான். ஒரே வீட்டுக்குள் கைமாறியது என்று சொன்னால் நம்ப ஆளில்லை. ஓட்டாத வண்டிக்கு ஓனர், அதனால் விலை குறைப்பு. நல்ல வேலை பார்த்தாய்.

பராமரிப்பில் மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். ஓடியிருப்பது 11,000 கிலோமீட்டர் சொச்சம். ஓடாத வண்டி என்றால் செலவு இல்லை என்று ஊர் நினைக்கிறது. ஓடாமல் நிற்பதுதான் அதற்குப் பெரிய வியாதி. வாரம் ஒரு முறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதும் என்று நீ எழுதி வைத்துவிட்டுப் போனாய். மெக்கானிக் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் அணைத்தால் உள்ளே வேர்க்கிற ஈரம் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கிவிடும், அதைவிட ஸ்டார்ட் செய்யாமலே விடுவது மேல் என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏற்றி ஒரு சுற்று கொண்டுவருவேன். மற்ற நேரத்தில் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டியிருக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றம். எட்டு சிலிண்டர் உள்ள அந்த ஐந்து லிட்டர் வி8 எஞ்சின் குடிக்கிற ஆயில் ஏழரை லிட்டருக்கு மேல். உன் வண்டி எனக்கு ஏழரையாக வந்தது என்று மெக்கானிக்கிடம் சொன்னேன், அவர் கன்னடக்காரர், புரியவில்லை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்த பிறகு அது வேறு கவலை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க்கில் மாசக்கணக்கில் நிற்கக் கூடாது. நூறு ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிற பங்க்கைத் தேடிப் போய் நிரப்பினேன். நான் என் வாழ்க்கையில் எனக்கென்று இவ்வளவு தேடிப் போனதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் நீ ஒப்பிப்பாயே, 1964 ஏப்ரல் 17-ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் முதல் மஸ்டாங் வந்தது, வலது பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே வர அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் ஆச்சு, ஆறாவது தலைமுறையில்தான் நமக்குக் கிடைத்தது என்று. காபி ஆறிப்போகும். அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது போலவே கேட்பார். வண்டி மிச்சிகனில் ஃப்ளாட் ராக் தொழிற்சாலையில் செய்து கப்பலில் இங்கே வந்தது. நீ இங்கிருந்து கிளம்பி அதே மிச்சிகனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை.

2022 செப்டம்பர் நாலாம் தேதி ராத்திரி பெங்களூரில் வந்த வெள்ளத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் டிவியில் பார்த்ததுதான். பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, அவுட்டர் ரிங் ரோடு எல்லாம் ஏரியாகி, ஐ.டி. ஆட்கள் டிராக்டரில் ஏறி ஆபீசுக்குப் போன படத்தை நீயே எனக்கு ஃபார்வர்ட் செய்தாய், சிரிக்கிற பொம்மையோடு. எங்கள் பேஸ்மென்டில் நடந்ததை நான் இதுவரை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

செக்யூரிட்டி பையன் கதவைத் தட்டும்போது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. கீழே போனால் கரன்ட் இல்லை. தண்ணீர் கணுக்காலுக்கு மேலே, ராம்ப் வழியாக இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. உன் வண்டி உள்ளே கடைசித் தூண் ஓரம். யாரும் உரசக் கூடாது என்று நீயே பிடித்துக் கொடுத்த இடம், அதுதான் பள்ளமும். என் வேகன் ஆர் ராம்ப்புக்குப் பக்கத்திலேயே நின்றது. எது சுலபம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அம்மா படிக்கட்டில் டார்ச்சோடு நின்றுகொண்டு, "அவன் வண்டிய முதல்ல எடுடி" என்றாள்.

நான் எடுத்தேன்.

கதவைத் திறந்ததும் பக்கக் கண்ணாடிக்கு அடியிலிருந்து, மஸ்டாங்கின் குதிரைச் சின்னத்தை வெளிச்சமாகத் தரையில் காட்டுகிற அந்த விளக்கு எரிந்தது. தரையில் விழ வேண்டிய குதிரை கலங்கின தண்ணீர் மேலே விழுந்தது. தண்ணீர் அசைய அசைய அதுவும் கால் உதறியது. பக்கத்தில் ஒரு ரப்பர் செருப்பு மிதந்து போனது. அந்த நேரத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் திட்டுவாய். ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சத்தம் மூடின பேஸ்மென்டில் என் நெஞ்செலும்பில் வந்து மோதியது. மேலே மூன்றாவது மாடியில் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள். ராம்ப்பில் பாதி ஏறியதும் பின்சக்கரம் சேற்றில் வழுக்கி, வண்டி குறுக்கே திரும்பப் பார்த்தது. கை நடுங்குகிறது. செக்யூரிட்டி பையன் பின்னால் நின்று தள்ளட்டுமா என்கிறான், 1,700 கிலோ வண்டியை. அப்போதுதான் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன நெம்பு சுவிட்சுகள் ஞாபகம் வந்தன. பனிக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு மோட் உண்டு, பெங்களூரில் எதற்கு இது என்று நீ கிண்டல் செய்வாய். அதைப் போட்டேன். மிச்சிகன் பனிக்காக வைத்தது, சர்ஜாபூர் ரோட்டுச் சாக்கடையில் வேலை செய்தது. பூனை மாதிரி ஏறிப் போய் ரோட்டு மேட்டில் நின்றது.

நான் திரும்பி இறங்குவதற்குள் காம்பவுண்டு சுவர் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. என் வண்டியின் சீட் வரைக்கும் தண்ணீர். பழைய வண்டிதானே என்று அதற்கு, நம் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் தராத வெறும் தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான் வைத்திருந்தேன். உன் வண்டிக்கு எஞ்சின் பாதுகாப்பு வரை சேர்த்துக் கட்டியிருந்தேன். மிச்சத்தை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

காலையில் நீ போன் செய்தாய். முதல் கேள்வி, "வண்டி சேஃபா?"

இரண்டாவதாக அம்மாவைக் கேட்டாய், என்னைக் கேட்டாய், எல்லாம் கேட்டாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. அழுதாய்கூட. வேகன் ஆர் போனது தெரிந்ததும் புது வண்டி வாங்கிக்கொள் என்று பணம் அனுப்பினாய். திருப்பி அனுப்பினேன். வீம்பெல்லாம் இல்லை. சரி, வீம்புதான். ஆனால் அந்த முதல் கேள்வி இன்னும் காதிலேயே இருக்கிறது அண்ணா. அதைச் சொல்லிவிட்டால் போய்விடும் என்று நினைத்துத்தான் எழுதினேன், போகவில்லை.

விற்றதற்குக் காரணம் அது இல்லை. அப்படி நினைத்துவிடாதே. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்கிற புது புகை விதி வந்ததோடு இந்த மாடல் இங்கே நின்றுபோனது. 2021 செப்டம்பரில் ஃபோர்ட் இந்தியாவில் கார் தயாரிப்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு ஒரு சென்சாருக்கும் காத்திருப்புதான். டயர் தேயவே இல்லை, ஆனால் ஓரத்தில் வெடிப்பு விட்டுவிட்டது. இதெல்லாம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிற காரணம்.

உனக்குச் சொல்கிற காரணம் அம்மா. அவள் உடம்பு விஷயத்தை இங்கே எழுத மாட்டேன். ஆயுதபூஜை அன்றைக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். வருஷா வருஷம் போல உன் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, நாலு எலுமிச்சம்பழமும் எடுத்து வைத்தாள். குனிந்து டயருக்கு அடியில் வைக்க முடியவில்லை. நான் வைக்கப் போனேன். "இருக்கட்டும், அடுத்த வருஷம் அவனே வந்து வெப்பான்" என்று பழத்தைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள். பக்கத்து வீட்டு மாமி என்னைப் பார்த்தார். நான் பூசணிக்காயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அந்த வண்டி அங்கே நிற்கிற வரைக்கும் நீ வரப்போகிறவன். துணி போர்த்தி, காற்றடித்து, சார்ஜ் போட்டு, அவளை அப்படி நம்ப வைத்துக்கொண்டிருந்தது நான். எனக்கு அலுத்துவிட்டது அண்ணா.

விற்பது சுலபமாக இல்லை. "சார் இல்லையா மேடம்?" என்று கேட்டவர்கள் பாதிப் பேர். ரீல்ஸ் எடுக்க வந்த பையன்கள், "ஒரே ஒரு ரெவ் கொடுங்க அக்கா" என்று கெஞ்சினார்கள், கொடுத்தேன், எனக்கும் ஆசைதான். நேரில் பார்க்காமலே பாதி விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. டாக்டர் அப்படி இல்லை. பெயின்ட் கனம் அளக்கிற மீட்டரைக் கதவு கதவாக வைத்துப் பார்த்தார், ஸ்கேனர் மாட்டினார். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்குமே, முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம், அதைப் படித்துவிட்டு டயருக்கென்று தனியாக விலை குறைத்தார். நியாயம்தான். அப்புறம் கேட்டார், "2022-ல தண்ணி ஏறிச்சாங்க?" பெங்களூர் வண்டி என்றாலே இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி. நான் பதில் சொல்லவில்லை, நீங்களே பாருங்கள் என்றேன். கார்ப்பெட்டைத் தூக்கினார், சீட் தண்டவாளத்தில் துரு தேடினார். சீட் பெல்ட்டை ஒரே இழுவையாகக் கடைசி வரை உருவினார், தண்ணீர் ஏறின வண்டி என்றால் உள்ளே சுருண்டிருக்கிற பாகத்தில் சேற்றுக் கோடு இருக்குமாம். பெல்ட் புதுசு மாதிரி வந்தது. "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாததை ஒரு பல் டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார்.

எவ்வளவுக்குப் போனது என்று இங்கே எழுத மாட்டேன், பெரியப்பா மன்னிக்கவும். பணம் உன்னுடையது. எனக்கு ஒரு பைசா வேண்டாம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அப்படி எழுதப்போவதில்லை. இன்ஷூரன்ஸ், ஆயில், சர்வீஸ், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் கணக்கு உன் மெயிலுக்கு வந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டேன். என் வேகன் ஆர் அந்தக் கணக்கில் இல்லை, தேடாதே.

டிரெய்லரில் ஏற்றும்போது அம்மா பால்கனியில்தான் இருந்தாள். "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். அதனால் கேட்டால் நீயும் தெரியும் என்றே சொல். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, தமிழ்நாட்டுக்குப் போவதால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28-லும் விண்ணப்பித்துவிட்டேன். ஃபாஸ்டேக்கை மூடிவிட்டேன். பாக்கி இருப்பது ஒன்றுதான், இரண்டாவது சாவி. அதை நீ அமெரிக்காவுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாய், எதற்கு என்று நான் கேட்டதில்லை. அது கைக்கு வரும்வரை டாக்டர் 50,000 ரூபாய் பிடித்து வைத்திருக்கிறார். முகவரியைத் தனியாக அனுப்புகிறேன், கூரியரில் போட்டுவிடு. நேரில் கொண்டுவந்து கொடுக்கிறாய் என்றாலும் சரி, டிக்கெட் போட்டபின் எனக்கு மட்டும் சொல். அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவைக்காதே.

உன் தங்கச்சி