பருவ முடிவும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவமும் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டும் சிறப்பாக நடந்தன, தேர்வு முடிவுகளும் திருப்தி. வந்திருந்து உற்சாகப்படுத்திய எல்லோருக்கும் நன்றி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அலுவலகத்துக்கு வெளியே, பிள்ளைகள் தொலைத்த பொருட்களுக்கென்று ஓர் அலமாரி இருக்கிறது. அது நிரம்பி வழிந்து இப்போது பக்கத்து மேசையும் நிறைந்துவிட்டது. ஸ்டீல் பாட்டில், டிபன் பாக்ஸ், குடை, ஸ்வெட்டர், எல்லாம் நல்ல நிலையில். ஒரு பாட்டிலில் விலைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. பெயர் எழுதியிருந்த ஒன்றை எடுத்துப் போய் அந்தப் பையனிடமே நீட்டினேன். "வேற வாங்கியாச்சு சார்" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய?

வாங்குவது உங்கள் சொந்த விஷயம், அதில் தலையிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் காலநிலை மாற்றத்தைப் பாடமாக நடத்துவதும் நாங்கள்தான். ஸ்டீல் பாட்டில் நல்லதுதான். ஆனால் தாதுவைத் தோண்டி உலையில் உருக்கி அதைச் செய்வதற்குள், சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலைவிட அதிகமாகவே கரியமில வாயு வெளியாகிவிடுகிறது, அதனால் நீண்ட காலம் வைத்துப் புழங்கினால்தான் அதில் பலன், பருவத்துக்கு ஒன்று வாங்கினால் அந்தப் பலனும் போச்சு. ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறார்கள். அரசுகளும் ஆலைகளும் செய்ய வேண்டியதை நம் வீட்டு பாட்டில் செய்துவிடாது, தெரியும். இருந்தாலும் நாம் வாங்கும், சாப்பிடும், பயணம் செய்யும் விதம் மாறி, அதற்கேற்ற வசதிகளும் அமைந்தால் 2050க்குள் பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்தை 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்க முடியும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2022ல் சொன்னது.

ஆகவே கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். தொலைந்தது என்று பிள்ளை சொன்னதும் கடைக்குப் போகாதீர்கள், முதலில் இங்கே வந்து தேடுங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். விடுமுறைக்கு முன் எடுத்துக்கொள்ளாதவை தேவைப்படும் பிள்ளைகளுக்குப் போய்விடும், அப்புறம் வந்து கேட்டால் கிடைக்காது. போன வருடப் பை கிழியாமல் இருந்தால் அதுவே போதும். பிள்ளை அடம்பிடித்தால் "ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார்" என்று பழியை என்மேல் போடுங்கள், பரவாயில்லை.

சிறிதாகிப்போன சீருடைகளைத் துவைத்து, அறுந்த பொத்தான்களையும் தைத்துக் கொண்டுவந்து கொடுத்த பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. அன்று மாலையே எல்லாம் தீர்ந்துவிட்டன, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மதிப்பெண் அட்டை வாங்க வரும்போது அலமாரியை ஒரு நடை பாருங்கள். ஒற்றை ஷூ ஒன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு பிள்ளை எப்படி வீட்டுக்குப் போனது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்