செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வட்டாரப் பல் மருத்துவர்கள் சங்கம், மதுரை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழா மாதம் தவிர மாதக் கூட்டங்கள் நடந்தன. மருத்துவக் கழிவுக் கட்டணம் பற்றிப் பேசினோம், முடிவு எடுக்கவில்லை. பொங்கல் சந்திப்புக்கு மட்டும் குடும்பத்தோடு எல்லோரும் வந்திருந்தீர்கள், சந்தோஷம்.

சரி, பள்ளிகளில் நடத்திய பல் பரிசோதனை முகாமுக்கு வருகிறேன். இது செயலாளரின் சொந்த ஆசை என்று சிலர் சொல்வது என் காதுக்கும் வந்தது. ஆசைதான், யார் இல்லை என்றது? வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் பக்கத்துப் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொன்னால், ஆறு வயதில் முளைத்த நிலையான கடவாய்ப்பல் எட்டு வயதுக்குள் பாதி கரைந்து கிடக்கிறது. பால் பல் எதுவும் விழாமல் கடைசியில் தனியாக முளைப்பதால், "விழுந்து முளைக்கிற பல்லுதானே டாக்டர்" என்று பெற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சில பிள்ளைகளுக்கு முளைக்கும்போதே எனாமல் மஞ்சளும் பழுப்புமாகப் பொரிந்து வருகிறது (எம்.ஐ.எச். என்கிற எனாமல் குறைபாடு). பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசும், பிரஷ்ஷையே வைக்க விடமாட்டார்கள், ஊசி போட்டாலும் சரியாக மரத்துப்போகாது.

பெற்றவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியுமே! அடைக்கிறோம், உடைகிறது, மறுபடி அடைக்கிறோம், கடைசியில் 13 வயதில் பிடுங்குகிறோம். அதற்குள் அடுத்த கடவாய்ப்பல் முளைத்துவிட்டதால், கீழ்த்தாடையில் அது சாய்ந்துகொண்டு நிற்கும், இடைவெளியும் ஒழுங்காக மூடாது. காப்பாற்ற முடியாத பல்லை 8 முதல் 10 வயதுக்குள், ஓ.பி.ஜி. (தாடை முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே) எடுத்து, பின்னால் இருக்கிற இரண்டாம் கடவாய்ப்பல்லின் வேர்க்கவை (வேர்கள் பிரிகிற இடம்) உருவாகத் தொடங்கும் நேரம் பார்த்து எடுத்தால், பெரும்பாலும் அதுவே முன்னால் நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேல்தாடையில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. அதுவரை கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து அடைத்தோ ஸ்டீல் கேப் போட்டோ வலியில்லாமல் ஓட்டலாம். எல்லாப் பல்லையும் பிடுங்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். காப்பாற்றக்கூடியதைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் ஏழு வயதில் வேர்நுனி மூடியிருக்காது என்பதை மறந்து, பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி ரூட் கேனலில் இறங்குவதற்கு முன்னால், கிளிப் போடுகிற டாக்டருக்கு ஒரு போன் போட்டால் என்ன? சந்தேகம் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.

முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் வேறு, வந்தவர்கள் வேறு. முகூர்த்த நாள், மாமியார் வீடு, பைபாஸில் டிராஃபிக் என்று எல்லாக் காரணமும் வாட்ஸப்பில் பத்திரமாக இருக்கிறது. வந்த இளைய டாக்டர்கள்தான் மதியச் சாப்பாடுகூட இல்லாமல் வரிசையை முடித்தார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது, சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சந்தா பாக்கிப் பட்டியலை இங்கே வாசிக்கவில்லை, வாசித்தால் மேடையிலும் சிலர் நெளிய வேண்டியிருக்கும்.

இடம் கொடுத்த தலைமையாசிரியர்கள், மைக் செட்காரர், மண்டப நிர்வாகம் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யார் கேட்டாலும் சாவியோடு கொடுத்துவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை என்றால், ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்குப் கடவாய்ப்பல்லின் மேல் இருக்கிற பள்ளங்களில் சொத்தை வராமல் தடுக்கிற சீலண்ட் பூச்சு போட உத்தேசம். சீலண்ட் கடனுக்குக் கிடைக்காது. ரசீது புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது, பந்திக்குப் போகிற வழிதான்.