மாவலிக்கு உப்பு போடணுமா, அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சிரிப்பாய். பக்கத்திலிருந்து மாமா "என்னவாம்?" என்பார். அதற்குள் பேச்சு பிள்ளைகளின் மார்க், கேஸ் விலை என்று எங்கேயோ போய்விடும். அதனால்தான் கடிதம். ஊரே படித்தாலும் பரவாயில்லை.

கேள்வி இதுதான்: கார்த்திகை தீபத்தன்று பனம்பூக் கரியைத் துணியில் சுருட்டிக் கட்டிப் பொறி பறக்கச் சுற்றுவோமே, அந்த மாவலிக் கரியில் நீ உப்பு போடுவாயா, மாட்டாயா?

போன கார்த்திகைக்கு உன் மருமகனுக்கு மாவலி செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஒன்பது வயதாகிறது, கம்பி மத்தாப்பைத் தவிர வேறு நெருப்பை அவன் கையில் பிடித்ததில்லை. எங்கள் வீட்டு அடுப்பிலும் இப்போது நெருப்பு கிடையாது, இண்டக்‌ஷன். ஆண் பனைப் பூவுக்கு இந்த நகரத்தில் எங்கே போவது? தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இரண்டு கை கரி வாங்கினேன். மிக்ஸியில் அரைத்தேன் (அந்த ஜாரைப் பற்றி இன்றுவரை வீட்டில் பேச்சு ஓயவில்லை). பழைய பனியன் துணியில் கட்டி, மொட்டை மாடியில் நின்று சுற்றினேன். பொறி வரவில்லை. புகையும் துணி தீய்ந்த நாற்றமும்தான் வந்தன. நாலாவது சுற்றில் மூட்டை அவிழ்ந்து, யாரோ காயப்போட்டிருந்த போர்வையின் மேல் கரி கொட்டியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேலே வந்து, "சார், நீங்க படிச்சவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"இதுதான் மாவலியாப்பா?" என்றான் பையன்.

இல்லை என்றேன். பின்னே எதுதான் மாவலி என்று அவனுக்குச் சொல்ல உட்கார்ந்தால், எங்கே தொட்டாலும் நீதான் வருகிறாய்.

தீபாவளி நமக்கு அப்பா கையிலிருந்த காசைப் பொறுத்த விஷயம். ஒரே ஒரு அட்டைப்பெட்டி வரும். அதை முறத்தில் பரப்பிக் கொல்லையில் காயவைப்பாய். ஐப்பசியில் வெயில் எங்கே அடித்தது? காக்கா விரட்டுகிற மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். சரத்தைப் பிரித்து ஒற்றை ஒற்றையாக வெடிப்போம். பாம்பு மாத்திரையைத் துணி துவைக்கிற கல்லில் கொளுத்தி ஆயாவிடம் திட்டு வாங்குவோம். அந்தக் கறை அடுத்த தீபாவளிவரை கல்லிலேயே இருக்கும். 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் இங்கே காலை ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்து வெடிக்கிறார்கள். உன் மருமகன் வாட்சைக் கட்டிக்கொண்டு ஏழு மணிக்காகக் காத்திருக்கிறான், ரயிலுக்கு நிற்கிற மாதிரி. போகியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பாய், கிழிந்த முறம், எங்கிருந்தோ உருட்டி வந்த சைக்கிள் டயர். அந்தப் புகையை நினைத்தால் இப்போதும் தொண்டை கமறுகிறது, ஏக்கமெல்லாம் கிடையாது.

கார்த்திகைக்குக் காசே வேண்டாம். ஏரிக்கரைப் பனைதான் நம் பட்டாசுக் கடை.

பனை பூ விட்டால்தான் ஆணா பெண்ணா என்று தெரியும், அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். நீ எதையும் படிக்காமலே மரம் மரமாகத் தெரிந்து வைத்திருந்தாய். வெயில் காலத்தில் ஆண் பனையடியில் காய்ந்து உதிர்ந்து கிடக்கும் பூவை, விரல் விரலாக இருப்பதைப் பொறுக்கி, மாட்டுக்கொட்டகைப் பரணில் செருகி வைப்பாய். கார்த்திகை வர இன்னும் ஏழெட்டு மாசம் இருக்கும். அப்பா வட்டிக் கணக்குகூட அவ்வளவு முன்யோசனையாக எழுதியதில்லை.

தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கொல்லையில் முழங்கை ஆழத்துக்குக் குழி. பூவை அடுக்கிக் கொளுத்துவாய். முதலில் வெள்ளைப் புகை குபுகுபு என்று வரும். அப்போது மூடக்கூடாது. புகை மெலிந்து, உள்ளே எல்லாம் கங்காகச் சிவந்த பிறகு, நனைத்த சாக்கைப் போட்டு மண்ணைத் தள்ளி ஒரு பொட்டு சந்து இல்லாமல் மூடிவிட வேண்டும். காற்றுப் பட்டால் கரி நிற்காது, சாம்பலாகிவிடும். ஒரு வருஷம் பொறுக்க மாட்டாமல் ராத்திரியே போய் நான் ஒரு ஓரத்தைக் கிளறிப் பார்த்தேன். காலையில் நீ திறந்தபோது பாதிக் குழி வெள்ளை வெளேர். கோபத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறமும் மிச்சக் கரியில் எனக்குத்தான் முதல் மாவலி கட்டினாய்.

கரியை உரலில் இடித்து, வேட்டித் துணியில் சலித்து, மை மாதிரி ஆக்குவாய். இந்த இடத்தில்தான் "போய் நூல்கண்டு எடுத்துட்டு வாடா" என்று என்னை அனுப்பிவிடுவாய். நான் திரும்பி வரும்போது ஆயாவின் உப்புப் பானை மூடி கொஞ்சம் நகர்ந்திருக்கும். கேட்டால், "நாய் தட்டியிருக்கும்" என்பாய். உப்பு போட்டால் பொறி படபடவென்று தெறிக்கும் என்று கீழத்தெருப் பையன்கள் சத்தியம் செய்வார்கள். மேலத்தெருவில், உப்பு ஈரம் இழுத்துக் கெடுத்துவிடும் என்பார்கள். நீ எந்தக் கட்சி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் ஆயாவின் பழைய நூல் புடவைக் கிழிசல். கரியைக் கொட்டிச் சுருட்டு மாதிரி இறுக்கிச் சுருட்டி, இரண்டு விரல்கடைக்கு ஒரு முடிச்சாக நூல் சுற்றுவாய். பனை மட்டையைக் கருக்கு சீவி மூன்றாகப் பிளந்து, நடுவில் அந்தச் சுருட்டைச் செருகி, மேலும் கீழும் கட்டி, முனையில் கயிறு. கருக்கு கிழித்த கோடு உன் இடது கட்டைவிரலில் இப்போதும் இருக்கிறதா?

அன்றைக்குச் சாயங்காலம் எல்லோருக்கும் ஏரிக்கரைதான். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில் பாதி தூரத்தில் ஊர் இருந்ததால் நமக்குக் கிடைத்த சொத்து அது. 2,668 அடி மலை, நம் கரையிலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த மரக்கால் அளவுக்குத் தெரியும். ஆயா காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருப்பாள். ஆறு மணிக்கு மலை உச்சியில் ஒரு புள்ளி சிவக்கும். "ஏத்திட்டாங்க! அண்ணாமலையாருக்கு அரோகரா!" அதைப் பார்த்த பிறகுதான் நம் வீட்டு அகலில் திரி பற்றும், ஆயா வாயில் பொரி உருண்டை போகும். மேகம் மூடிய வருஷங்களில் பாவம், கண்ணுக்குத் தெரியாத தீபத்தைக் கும்பிட்டு, "ஏத்தியிருப்பாங்க இல்ல?" என்று நம்மிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு சாப்பிடுவாள். அது பதினோரு நாள் எரிகிற தீபம். அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் கேட்கமாட்டாள்.

அப்புறம் ஈஸ்வரன் கோயில் முன்னால் சொக்கப்பனை. துண்டு போட்ட பனைமரத்தை நட்டு, மூங்கில் கட்டி, ஊரெல்லாம் வாங்கிய காய்ந்த ஓலையைச் சுற்றிச் சுற்றி உடுத்தியிருப்பார்கள். கோபுரத்துக்குப் பாவாடை கட்டிய மாதிரி இருக்கும். குருக்கள் கற்பூரத்தை வைத்துவிட்டுப் பின்வாங்குவதற்குள் அடி ஓலை பிடித்து, "ஹோ" என்று ஒரு இரைச்சல். அது நெருப்பின் சத்தமா, ஜனங்களின் சத்தமா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரிந்ததில்லை. முகம் சுடும், முதுகு குளிரும். ஓலைத் துணுக்குகள் எரிந்துகொண்டே மேலே போய், கறுத்துக் கீழே வந்து நம் தலையில் உட்காரும். அடங்கியதும் பெரியப்பா எரிந்த குச்சி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் நிலத்தில் நடுவார், பூச்சி வராது என்று. அம்மா கரியைத் தொட்டு நம் நெற்றியில் வைப்பாள்.

அந்தக் குவியலிலிருந்து ஒரு கங்கை எடுத்து மாவலி முனையில் வைத்து ஊதினால் ஆட்டம் ஆரம்பம்.

முதல் இரண்டு சுற்றுக்கு ஒன்றும் தெரியாது, சிவப்பாக ஒரு கோடு மட்டும். மூன்றாவது சுற்றில் காற்று உள்ளே இறங்கும். சர்ரென்று ஒரு சத்தம். தலைக்கு மேலே ஒரு பொறிக்குடை விரியும். "மாவலியோ மாவலி!" மாவலி என்கிற மகாபலிச் சக்கரவர்த்தி உடம்பெல்லாம் எரிந்து தவித்ததாக ஆயா சொன்ன கதையை நாம் காதில் வாங்கியதே இல்லை, பெயர் மட்டும் போதும், கத்துவதற்கு. கம்பி மத்தாப்பில் இரும்புத் தூளும் அலுமினியமும் எரிவதால் பொறி வெள்ளையாகக் கண்ணைக் கூசும். பனங்கரிப் பொறி அப்படியில்லை. சூடே இல்லாத மாதிரி, மெத்தென்ற செம்மஞ்சள். தரையைத் தொடுவதற்குள் பெரும்பாலும் அணைந்துவிடும். நீ சுற்றினால் குடை தட்டையாக, ஒரே மட்டத்தில் நிற்கும். பையன்களுக்கு அது வரவில்லை. கையை வீசாமல் மணிக்கட்டை மட்டும் திருப்பு என்று நீ சொன்னதை நான் இப்போதும் மிக்ஸி ஜார் மூடும்போது நினைத்துக்கொள்கிறேன்.

சரி, வைக்கோல் போருக்கு வருகிறேன்.

1991. நீ எட்டாவது, நான் ஐந்தாவது. உன் கையால் கட்டிய மாவலிதான். ஆனால் கயிறு நீளம் போதவில்லை என்று உனக்குத் தெரியாமல் நான் ஒரு துண்டு ஒட்டுப்போட்டேன். என் முடிச்சு அது. நாலு சுற்று தாங்கியது. ஐந்தாவதில் விடுபட்டு, வால் நட்சத்திரம் மாதிரி போய்ப் பெரியப்பாவின் போரில் விழுந்தது. மூன்று நாள் மழையில் ஊறிய போர் என்பதால் தப்பியது, புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. ஏழெட்டுக் குடம் தண்ணீரோடு முடிந்தது. அப்பா வந்து, "எவன்டா முடிச்சுப் போட்டது?" என்றார்.

"அக்கா" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் கை உன் முதுகில் விழுந்த சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. நான் அழுததும் நினைவிருக்கிறது. நீ அழுதாயா என்பது நினைவில்லை.

அடுத்த கார்த்திகைக்கு நீ வீதிக்கு வரவில்லை. பாவாடை தாவணியில், திண்ணையில், அகல் தட்டோடு நின்றாய். என் பொய்யால்தான் உனக்கு மாவலி நின்றுபோனது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல், எந்த நெருப்பைப் பார்த்தாலும் அது ஒரு ஓரத்தில் புகைந்துகொண்டே இருந்தது.

போன மாசம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அம்மாவுக்கு வைக்கோல் போரே ஞாபகம் இல்லை. "எந்தப் போருடா? அவ அந்தத் தையில வயசுக்கு வந்துட்டா இல்ல. அப்புறம் தெருவுல நின்னு கயிறு சுத்துவாளா?" என்று கேட்டுவிட்டுப் புளியை உருண்டை பிடிக்கப் போய்விட்டாள்.

எனக்கு அது புட்டும் நல்லெண்ணெயும் மணத்த ஒரு வாரம், அவ்வளவுதான். சீர் கொண்டு வந்த தாய்மாமன் எனக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்தார்.

நான் காரணம் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் பொய்தான் காரணம் என்றால் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். இது யார் கணக்கு? அதற்கு அப்புறமும் உன் கல்யாணம்வரை ஒவ்வொரு வருஷமும் நீ பூப் பொறுக்கினாய், குழி மூடினாய், சலித்தாய், கட்டினாய். நான் சுற்றினேன். "இவன் மாவலிதான்யா மாவலி" என்று ஊரே சொன்னது. நானும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நீ சுற்றவில்லையா என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் இப்போது மூன்று பனைதான் நிற்கிறது. 2021 வேளாண் பட்ஜெட்டில் பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்களே, அதற்குள் மற்றதெல்லாம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. மூன்றில் ஒன்று ஆண். பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி இந்தக் கோடையில் அரைச் சாக்குப் பூ சேர்த்துவிட்டேன். மாடு இல்லாத கொட்டகையில், அதே பரணில் இருக்கிறது. ஆயா புடவை ஒன்றை அம்மா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள், கிழிக்க மனசு வராமல்.

தீபத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிடு. லீவு இல்லை, மாமாவுக்குச் சமைக்கணும் என்றெல்லாம் சொல்லாதே, மாமாவும் வரட்டும், உன் மகளும் வரட்டும். கயிறு இரண்டு வாங்கியிருக்கிறேன், ஒட்டுப்போடத் தேவையில்லாத நீளத்தில்.

முடிச்சை மட்டும் நீயே போட்டுக்கொள். உப்பு விஷயத்தை இந்தக் கடிதத்துக்குப் பதிலாக எழுதினாலும் சரி, நேரில் வந்து பானையை நகர்த்தினாலும் சரி. நான் நூல்கண்டு எடுக்கப் போகமாட்டேன்.

உன் தம்பி